டாக்டர் பரவாயில்லைக்கு வந்த சம்பந்தம்

"இந்த அருளப்பன்னு ஒருத்தர், கன்வேயர் பக்கம் வேலை பாக்கறாராமே, அவரு எப்படிங்க ஆளு?"

நெய்வேலி மெயின் பஜார் டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அக்குளில் மடித்துச் செருகிய மஞ்சள் பை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல் தோளில் தெரிந்தது. பால் கொதிக்கிற வாசனைக்கு நடுவில் அவர் மட்டும் சந்தன சோப்பு வாசனையாக நின்றார்.

அருளப்பன் என் நண்பன். அவனைத் தேடி ஒரு வெளியூர் ரசிகர் வந்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"யாரு, நம்ம டாக்டரா?" என்றேன்.

"டாக்டரா? டெக்னீஷியன்னு சொன்னாங்களே."

"அது ஷிப்டு நேரத்துலங்க. சாயங்காலமானா டாக்டர்."

"வைத்தியம் பாப்பாருங்களா?"

"எங்க பாக்கறது. ஆளையே முடிச்சிடுவாரு. முந்தின வருஷம் ரெண்டு பேரு. போன வருஷம் மூணு பேரு. வருஷா வருஷம் கூடிகினே போவுது."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கிளாசைக் கீழே இறக்கினார். "போலீஸு, கீலீஸு?"

"போலீஸா. முதல் பரிசு குடுத்தாங்க. பெரிய ஆபீசரே எழுந்து நின்னு கை தட்டினாரு. சின்னப் புள்ளைங்க ஓடியாந்து, டாக்டர் டாக்டர், என்னையும் கொல்லுங்கன்னு கேக்கும்."

"வூட்ல எப்படிங்க?"

"வூட்லதான் மொதல்ல செஞ்சி பாப்பாரு. சம்சாரத்தை நாற்காலியில கட்டிப் போட்டு. அது பாவம், கட்டினபடியே வெங்காயம் உரிச்சிகினு இருக்கும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலை இறக்கினார். "இதெல்லாம் அவருக்கு யாருங்க சொல்லிக் குடுக்கறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இருபது வருடமாக அந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அடக்கமாகக் கை கூப்பினேன்.

"ஐயா, நான்தான். திட்டம் எல்லாம் என்னோடது. செய்யறது மட்டும் அவரு."

அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தார். பெரிய மனிதனை நேரில் பார்த்த படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனிதன் என்றால் நான்.

என் தகுதிகள்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒன்று ராங் நம்பர். இன்னொருவர், "உங்களைப் பத்தி நீங்களே இவ்வளவு மட்டமா எழுதலாமா?" என்று வருத்தப்பட்டார். அவர் இந்த வாரத்தைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

எனக்கு வேலை நிலக்கரிச் சுரங்கத்து ஸ்டோர்ஸில். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. மீதி நேரத்தில் நான் வில்லன்களைப் படித்தவன்.

கதாநாயகர்களை நான் படித்ததில்லை. அவர்களிடம் படிக்க ஒன்றும் இருக்காது. தாடை இருக்கும், தோள் இருக்கும். வில்லனுக்குத்தான் மூளை. பிளாக் முனையில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் காமிக்ஸும் பாக்கெட் நாவலும் எடுத்து, சோற்றுக்கையோடு புரட்டி, மஞ்சள் கறை பட்ட பக்கங்களுக்காகத் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். ஒரு வில்லன் மழையைத் திருடினான். ஒருவன் உலகத்துக் கடிகாரங்களை எல்லாம் ஒரே நொடியில் நிறுத்தப் பார்த்தான். இன்னொருவன் கடலுக்கு அடியில் கண்ணாடி மாளிகை கட்டி, அதில் உட்கார்ந்து பியானோ வாசித்தான்.

எல்லோரும் டாக்டர் அல்லது புரொபசர். எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தலையில் முடி கிடையாது. எனக்கும் முப்பத்தைந்து வயதில் முடி போனபோது, மூளை வந்துவிடும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன்.

கதை முழுக்க முன்கூட்டித் தயாராக இருப்பவன் வில்லன் ஒருவன்தான். படம் போட்டு வைத்திருப்பான், சாமான் வாங்கி வைத்திருப்பான், ஆள் நிறுத்தியிருப்பான். கதாநாயகன் வெறுங்கையோடு வந்து, அங்கே கிடக்கிற எதையோ எடுத்து ஜெயித்துவிடுவான். ஸ்டோர்ஸ்காரனுக்கு இது வயிற்றெரிச்சல். கையெழுத்துப் போடாமல் சாமான் எடுப்பவனை எனக்கு எந்தக் கதையிலும் பிடிக்காது.

நெய்வேலியில் இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் ஒரு தொல்லை உண்டு. எங்களை ஏமாற்றுவது கஷ்டம். நானும் அருளப்பனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூமிக்கு அடியில் நூறடி ஆழத்தில் ரகசிய மாளிகை கட்டிய ஒரு வில்லனின் கதையை மிகுந்த மரியாதையோடு அவனுக்குக் கொடுத்தேன். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் சரி. ஊத்துத் தண்ணியை எங்க எறைக்கறான்?"

"என்னது?"

"நூறடிக்குக் கீழ போயிருக்கானே. நம்ம மைன்ஸ்ல ராத்திரி பகலா பம்பு ஓடுது, அப்பவும் தண்ணி பீச்சிகினு வருது. இவன் வூட்ல ஒரு பம்பையும் காணோம். பியானோ மட்டும் இருக்கு."

பின்னாலிருந்து ஒருவர், "அந்த அடியாளுங்க எல்லாம் பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டார். கான்ட்ராக்டாகத்தான் இருக்கும், அதனால்தான் கடைசியில் யாரும் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவதில்லை என்று பஸ் முடிவு செய்தது.

இன்னொரு குறையும் எல்லா வில்லனுக்கும் உண்டு. கதாநாயகனைக் கட்டிப் போட்டவுடன் கொல்ல மாட்டான். "நீ சாவதற்கு முன் உனக்கு என் திட்டத்தைச் சொல்கிறேன்" என்று ஆரம்பிப்பான். அவ்வளவு மூளைக்காரனுக்கு, தன் மூளையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த நான்கு பக்கப் பேச்சு முடிவதற்குள் கயிறு அறுந்துவிடும்.

இதைப் படித்துப் படித்துச் சிரித்தவன் நான். டீக்கடையில் நான் செய்தது வேறென்ன என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு வார்த்தையால் கொல்பவன்

வருடா வருடம் பாதுகாப்பு வாரம் வரும். பேட்ஜ் குத்திக்கொள்வோம், உறுதிமொழி எடுப்போம். கடைசி நாள் நாடகப் போட்டி. எங்கள் பிரிவு நாடகத்தில் ரொம்ப காலமாக ஒரு அசுரன் வருவான். அட்டைக் கொம்பு, கறுப்புப் போர்வை. "நான்தான் விபத்து" என்று கத்துவான். ஒரு தொழிலாளி ஹெல்மெட்டைக் காட்டுவார். அசுரன் விழுந்து சாவான். முன்வரிசையில் அதிகாரிகள் தூங்குவார்கள், பின்வரிசையில் நாங்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் நாடகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

நான் கொம்பைத் தூக்கி எறிந்தேன். நல்ல மூளைக்கார வில்லன் ஒருவன் நெய்வேலிக்கு வந்தால் எப்படி வருவான் என்று யோசித்தேன். குண்டு வைக்க மாட்டான். கதிர் வீச மாட்டான். களைத்துப்போன மனிதனின் பக்கத்தில் வந்து நின்று, அவன் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதை மெதுவாகச் சொல்வான். ஹெல்மெட் வார் அறுந்திருக்கா? பரவாயில்லை. பாலத்தைச் சுற்றிப் போக நேரமாகுமா? ஓடற கன்வேயர் பெல்ட்டையே தாண்டிடு, பரவாயில்லை. அந்த மனிதன் தன் வாயால் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும். சங்கு ஊதும். வேலை முடிந்தது.

டாக்டர் பரவாயில்லை பிறந்தார்.

கமிட்டியில் ஒரு ஆபீசர் சந்தேகப்பட்டார். "வில்லன் இவ்வளவு புத்திசாலியா இருக்கலாமா? ஜனங்க அவன் பக்கம் போயிட்டா?"

"எப்பவோ போயாச்சு சார். உங்க நாற்காலி ஒரு கால் ஆடுது, யாராச்சும் சொன்னமா?" என்றேன். அவர் எழுந்து நாற்காலியைப் பார்த்தார். அனுமதி கிடைத்தது.

வேடத்துக்கு அருளப்பனைப் போட்டேன். நிஜத்தில் அவன் கோபமே வராத ஆள். குவார்ட்டர்ஸ் பின்னால் பலாப்பழம் பழுத்தால் பிளாக் முழுக்கச் சுளை பங்கு வைத்துவிட்டுத் தனக்குக் கொட்டையை வேகவைத்துக்கொள்வான். கண் மட்டும் கொஞ்சம் பெரிது. வெள்ளிப் பவுடரை எண்ணெயில் குழைத்துப் பூசி, வெள்ளைக் கோட்டு மாட்டி, மேடையில் மெல்ல நடந்துவந்து, "களைத்திருக்கிறாய், நண்பனே" என்றான். முன்வரிசை விழித்தது.

அன்றிலிருந்து டவுன்ஷிப்பில் அவனுக்கு வேறு பெயர் இல்லை. கம்பெனி பஸ்ஸில் "டாக்டருக்கு எடம் விடு." காய்கறிக் கடையில் "டாக்டரே, கத்திரிக்கா கொஞ்சம் சொத்தை, பரவாயில்லையா?" மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியாரே, "என்ன டாக்டர், இந்த வருஷம் எத்தனை பேர்?" என்று கேட்டதாகச் சொல்லிக் கூச்சப்படுவான்.

ஏழாவது போட்டோ

டீக்கடைச் சம்பவம் நடந்து பத்து நாள் இருக்கும். அருளப்பன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், ஒத்திகைக்கான கோட்டை வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஜெயராணி முகம் வாடியிருந்தது. டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தது.

"ஸ்டெல்லாவுக்கு ஒரு எடம் வந்துதுண்ணே. சேத்தியாத்தோப்பு. பையன் நல்ல வேலை. உரக்கடை வச்சிருக்காங்க. நல்லா பேசிகினு இருந்தாங்க. திடீர்னு சத்தத்தையே காணோம்."

ஸ்டெல்லா அவர்களுடைய ஒரே பெண். ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆறு போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள், ஏழாவதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தரகரை வுட்டுக் கேட்டோம்ணே. அந்தப் பையனோட அப்பா இங்க வந்து விசாரிச்சாராம். டீக்கடையில எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கான், இவரு மேல கொலை கேஸ் இருக்குன்னு. என்னைக் கட்டிப் போட்டு அடிக்கறாருன்னு. சொன்னவன்தான் அதுக்கெல்லாம் திட்டம் போட்டுக் குடுக்கறவனாம்."

டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது.

"அவரு என்னா சொல்றாரு தெரியுமா? என் முட்டைக் கண்ணை போட்டோல பாத்து பயந்துட்டாங்களோங்கறாரு. மூணு நாளா சரியா சாப்பிடலை. அந்த டீக்கடையில சொன்னவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

கோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவி வாசலிலேயே என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"யார்கிட்ட வாயக் குடுத்தீங்க?"

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் முதல் கேள்வியில் தப்பிக்கிறவனை இரண்டாவதில் பிடிப்பாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "கை கூப்பி வேற சொன்னீங்களா?" என்றாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மாபெரும் திட்டம்

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது சாதாரண ஆட்கள் செய்கிற காரியம். நான் திட்டம் போட்டேன்.

பையன் வீட்டார் இன்னொரு தடவை யாரையாவது விசாரிக்க அனுப்புவார்கள் என்று கணித்தேன். அதில் நான் தவறவில்லை. டீக்கடை மாஸ்டர், மளிகைக்காரர், பஸ் டைம்கீப்பர், கோயில் தோட்டக்காரர் நான்கு பேரிடமும் போய், யாராவது அருளப்பனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறந்துவிடுவார்கள் என்று எழுதியும் கொடுத்தேன். என் சொந்த நடையில்.

பையனின் தாய்மாமன் வந்தார். நான்கு இடத்திலும் விசாரித்தார். நான்கு பேரும், கையை ஒரே மாதிரி கட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "அருளப்பன் அவர்கள் ஓர் அப்பழுக்கற்ற மனிதர், எறும்புக்கும் இன்னல் இழைக்காதவர்."

தாய்மாமன் சேத்தியாத்தோப்பு போய்ச் சொன்ன செய்தி தரகர் வழியாக ஜெயராணிக்கு வந்தது. "ஊரே அந்தாளுக்கு பயந்துகினு இருக்குது. அவரு எழுதிக் குடுத்ததைத்தான் ஜனங்க வாயைத் தொறந்து பேசுது."

இனி ஒளிக்க முடியாது. மறுநாள் சாயங்காலம், அருளப்பன் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜெயராணியும் ஸ்டெல்லாவும் இருக்கும்போது போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயராணி எழுந்து உள்ளே போனது. பாத்திரங்கள் மட்டும் பேசின.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க எழுதற வில்லனுக்கெல்லாம் எவ்வளவு மூளை. உங்களுக்கு மட்டும் ஏன் மிச்சம் வச்சிக்கலை?"

"என்னா செய்யணும்னு சொல்லும்மா."

"நேரா போயி, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அழகுபடுத்தாதீங்க. அப்பாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நாடகமே வேணாம்னு கோட்டைக் கழட்டிடுவாரு. வருஷத்துல அவருக்கு அந்த ஒரு நாள்தான்." நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு அங்கிள்" என்றாள்.

உரக்கடையில் ஒரு கேள்வி

சேத்தியாத்தோப்புக் கடையில் யூரியா வாசனை கண்ணைக் கரித்தது. என்னைப் பார்த்ததும் பையனின் அப்பா இன்னாசிமுத்து கல்லாவை விட்டு எழுந்து ஒரு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றார். திட்டம் போடுகிறவன் நேரில் வந்தால் யார்தான் அப்படி நிற்க மாட்டார்கள்.

அவருடைய மனைவி அமலோற்பவம் அம்மாள்தான் முன்னால் வந்தது. உயரம் குறைவு. கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன். நாடகம், பாதுகாப்பு வாரம், டாக்டர் பட்டம், செத்த மூன்று பேரும் இப்போது கேன்டீனில் இட்லி தின்றுகொண்டிருப்பது. அழகுபடுத்தவில்லை. செல்போனில் போன வருட நாடகப் படத்தைக் காட்டினேன். இன்னாசிமுத்து மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்தியா, நான்தான் அப்பவே சொன்னேன், ஏதோ தப்பா புரிஞ்சிருக்கும்னு" என்றார்.

"நீங்க எப்ப சொன்னீங்க? மூணு நாளா கதவைத் தாப்பா போட்டுகினு படுத்தீங்க" என்றது அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பியது.

"கொலைகாரரு இல்லை. சரி. நடிக்கறவரு. ஊரே நம்பற மாதிரி நடிக்கறவரு. நாளைக்கு சம்பந்தின்னு வந்து உக்காந்து சிரிப்பாரு. அது அவரு சிரிப்பா, நீங்க எழுதிக் குடுத்த சிரிப்பான்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

மூளைக்கார வில்லன்களைப் பற்றி இத்தனை வருடம் படித்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்த வில்லனும் கேட்டதில்லை.

"வந்து பாருங்கம்மா" என்றேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி."

"பாக்கலாம்" என்றது. நம்முடைய பக்கத்தில் பாக்கலாம் என்றால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் வில்லன்களை மிஞ்சினேன். அவர்களை அழைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மேடை

வெள்ளிக்கிழமை. திரை ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அமலோற்பவம் அம்மாள் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னாசிமுத்து. ஒரு துண்டுக் காகிதத்தில், "இன்றைக்குக் கொஞ்சம் நல்லவனாக நடி" என்று எழுதி, மேடைக்குப் போகிற அருளப்பன் கையில் திணித்தேன். அவன் படித்துவிட்டு, "தண்ணி கிண்ணி போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குப் பார்த்து அவன் உச்சத்தில் இருந்தான். முதல் ஆளிடம், தாய் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினான். அந்த ஆள் அந்த வார்த்தையைச் சொன்னான். சங்கு. இரண்டாவது ஆளுக்குத் தோளைப் பிடித்துவிட்டான். வார்த்தை. சங்கு. பின்வரிசையில் விசில். கல்யாணம் ஒவ்வொரு சங்குக்கும் ஒரு பர்லாங்கு தள்ளிப் போனது.

மூன்றாவது ஆளாக நடித்தவன் சேகர். எங்கள் பிரிவுப் பையன். கதையில் அவனுக்கு ஷிப்டு முடிய ஐந்து நிமிடம். ஓடுகிற பெல்ட்டில் ஒரு கல் சிக்கியிருக்கிறது. நிறுத்தச் சொல்ல வேண்டும். கையை விட்டால் ஒரு நொடி வேலை. டாக்டர் அவன் பின்னால் வந்து நின்றார்.

"ஐந்து நிமிடம்தான், நண்பனே. வீட்டில் உனக்காகக் காத்திருப்பார்கள். ஒரு கை. ஒரு நொடி. சொல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்."

சேகர் வாயைத் திறந்தான்.

"சொல்லாதப்பா."

மூன்றாவது வரிசை. அமலோற்பவம் அம்மாள் எழுந்து நின்றிருந்தது. தான் நிற்பது தனக்கே தெரியவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"சொல்லாதப்பா. உங்கம்மா சோறு வச்சிகினு உக்காந்திருப்பா. அந்த கல்லு கெடந்துட்டுப் போவுது. நீ வூட்டுக்கு வா."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இன்னாசிமுத்து புடவை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சேகர் அந்த அம்மாளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

நாலு வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரு ஆளுக்கு நான் வசனம் எழுதியதில்லை. சங்குக்காரர் சங்கை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வெறும் காகிதத்தைப் பார்த்தேன்.

அருளப்பன் மேடை விளிம்புக்கு வந்தான். விளக்கு கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்து இருட்டுக்குள் அந்த அம்மாளைத் தேடினான். அது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டே வழி இருந்தது. சேகரை மிரட்டி அந்த வார்த்தையை வாங்கலாம், முதல் பரிசும் வாங்கலாம். இல்லை, அங்கேயே தோற்றுப்போகலாம். வாயைத் திறந்தபோது வில்லன் குரல் போய்விட்டிருந்தது. பலாச்சுளை பங்கு வைக்கிறவனுடைய குரல்தான் வந்தது.

"நீங்க இருக்கற வூட்டுக்குள்ள என்னால நொழையவே முடியாதும்மா."

கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சேகர் தலையைத் தடவிவிட்டு, இறங்கிப் போய்விட்டான்.

எங்களுக்கு இரண்டாம் பரிசுதான். டாக்டர் தோற்றது எழுதிக் கொடுத்த கதையில் இல்லை என்று கமிட்டி கண்டுபிடித்துவிட்டது.

திரைக்குப் பின்னால்

அருளப்பன் வெள்ளி முகத்தோடு ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தான். "கதையைக் கெடுத்துட்டேன்யா. அந்தம்மா நின்னதைப் பாத்ததும் எனக்கு வசனமே வரலை" என்றான். ஜெயராணி பஞ்சும் எண்ணெயும் எடுத்து வந்தது. ஸ்டெல்லா ஓரமாக நின்றிருந்தாள்.

அமலோற்பவம் அம்மாள் உள்ளே வந்தது. மூன்றடி பின்னால் இன்னாசிமுத்து. அந்த அம்மாள் அருளப்பனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தது.

"கடைசியா ஒண்ணு சொன்னாரே. அது நீங்க எழுதினதா?"

அந்த நாடகத்திலேயே நல்ல வசனம் அதுதான். கூட்டம் கைதட்டியதை நான் கேட்டேன். எழுதுகிறவன் என்ற பெயரோடு திரிகிற எவனும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல ஆசைப்படுவான் என்று உங்களுக்குத் தெரியும்.

"இல்லீங்கம்மா. நான் எழுதினதுல அப்படி ஒண்ணும் இல்லை. அது அவரு பேச்சு."

அந்த அம்மாள் தலையாட்டியது. அருளப்பன் பக்கம் திரும்பியது. அவன் குழம்பிப்போய் எழுந்தான். ஜெயராணிக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணம் கையில் ஆடியது.

"இருங்கம்மா, மூஞ்சிய கழுவிட்டு வந்துடறேன்" என்றான் அருளப்பன், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே.

"வேணாம், உக்காருங்க. பாத்தது போதும்." அந்த அம்மாள் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றியது. "எங்க வூட்டுக்குள்ள நொழைய முடியாதுன்னு சொல்லிட்டீங்க. சரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு நாங்களே உங்க வூட்டுக்கு வரோம். பையனையும் கூட்டிகினு."